அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்

சாய்ந்த மரத்தை வெட்டி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜமுனாமரத்தூரில் விடிந்ததிலிருந்தே மழை. மலைப்பாதையில் மரம் விழுந்ததும், கீழே இறங்க வேண்டிய வண்டிகள் எல்லாம் கடைத்தெருவில் ஓரங்கட்டின. ஒன்று மட்டும் ஓரங்கட்டவில்லை. குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டி நேராக லாட்ஜின் முகப்புக் கூரைக்குள் நுழைந்து, முன்னறைச் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

அறை இருண்டது. மேசைமேல் உருண்ட பகடையில் என்ன எண் விழுந்தது என்று தெரியவில்லை.

"கரென்ட்டும் இல்ல, இப்ப வெளிச்சமும் போச்சா?" என்றான் பெஞ்சில் படுத்திருந்த கலையரசன்.

சுவேதா தேவயானியைப் பார்த்தாள். மூவரும் கலசப்பாக்கத்துக்காரர்கள். ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள். லாட்ஜ் சுவேதாவின் சித்தப்பாவுடையது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறை இவர்களுக்குத்தான். ஆட்டத்தை நடத்துகிறவள் தேவயானி. அதனால் அவள்தான் எழுந்து போக வேண்டியிருந்தது. புது ஆட்களிடம் பேசுவதென்றால் அவளுக்குக் கூச்சம்.

"வண்டிய எடுங்க… வெளிச்சம் மறையுது" என்றாள் சன்னல் கம்பிகளிடம்.

"எடுத்தா சாம மூட்ட நனைஞ்சிடும்ங்க." முதலில் குரல் வந்தது. பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டே ஆள் வந்தான். "மூட்ட நனைஞ்சா எங்க நைனா என்னிய வூட்டுல சேக்க மாட்டாரு. நீங்க சேத்துப்பீங்களா?"

உள்ளே சுவேதா சிரித்துவிட்டாள். தேவயானி சிரிக்கவில்லை. அவன் கண்கள் சாதாரணக் கண்கள்தாம். ஒருவரைப் பார்த்துவிட்டு விலக அவை எடுத்துக்கொண்ட நேரம்தான் கொஞ்சம் அதிகம்…

சற்று நேரத்தில் ஒரு பேட்டரி விளக்கோடு அவனே அறைக்குள் வந்தான். "மறச்சது நாந்தானே… இந்தாங்க" என்று மேசைமேல் வைத்தான். பெயர் கோகுல்ராஜ். பி.காம். முடித்தவன். மலையில் விளைகிற சாமையை வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவன்.

"இன்னா இது, தாயமா?"

"கதை ஆட்டம்" என்றாள் சுவேதா. "இவ கதை சொல்லுவா. நாம அதுக்குள்ள ஆளா இருந்து, இன்னா செய்யறோம்னு சொல்லணும். முடியுமா முடியாதான்னு டைஸ் சொல்லும். இப்ப ஒரு வைத்தியர் காட்டுல காணாமப் போய்ட்டாரு. தடம் பாத்துப் போய்க் கண்டுபிடிக்கணும்."

"நானும் காணாமப் போய்ட்டேன்" என்றான் கலையரசன். "ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷமே."

கோகுல்ராஜ் சிரித்தான். "தடம் பாக்க டைஸா? சேத்துல கால் பட்டா தடம் இருக்கும், படலேன்னா இருக்காது. இதுல நம்பர் இன்னாத்துக்கு?"

இந்த விஷயத்தில் மட்டும் தேவயானிக்குக் கூச்சம் கிடையாது.

"தடம் இருக்கும்ங்க. நீங்க அத பாத்தீங்களாங்கறதுக்குத்தான் நம்பர்."

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. அவளைப் பார்த்தான்.

"அதுவும் சரிதான்…" என்றான். "பக்கத்துலயே இருக்கும். பாக்காமப் போய்டுவோம்."

கலையரசனின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தான்.

தேவயானி விதிகளைச் சொன்னாள். குறைந்த எண் விழுந்தால் கதை நின்றுவிடாது. தடம் கிடைக்கும், ஆனால் நேரம் போய்விடும், பையிலுள்ள அரிசி குறையும். மற்றக் காரியங்களுக்கு அவரவரே பகடையை உருட்டலாம். தடம் பார்ப்பதற்கு மட்டும் அவள் உருட்டுவாள், நிறுத்தி வைத்த அட்டைக்குப் பின்னால். தேடுகிறவனுக்குத் தான் போகும் வழி சரியா தப்பா என்று தெரியக்கூடாது. ஒன்று விழுந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுவாள். அந்த ஆள் வழி தவறிவிட்டான் என்று பொருள். மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

"எழுந்து?"

"என் பக்கத்துல வந்து படுத்துக்கலாம்" என்றான் கலையரசன்.

ஆட்டம் நடந்தது. கோகுல்ராஜ் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. பாறையடியில் சாம்பல் இருக்கிறதா என்று கேட்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டான். கதைக்குள் அரிசி தீர்ந்தபோது, "நெசமாவே பசிக்குதுங்க" என்று வண்டியிலிருந்து சாமை முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வந்தான். முதல் முறுக்கை அட்டைக்கு மேலாக நீட்டினான். அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள். படாமல் வாங்கியது இருவருக்கும் தெரிந்தது… வெளியே மழை தகரக் கூரையில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

கதையில் ஓர் ஓடை வந்தது.

"இங்க தடம் தேடறேன்" என்றான் கோகுல்ராஜ்.

தேவயானி அட்டைக்குப் பின்னால் உருட்டினாள். பகடை இரண்டு முறை புரண்டு நின்றது.

ஒன்று.

அவள் நிமிர்ந்தாள். அட்டைக்கு மேலே அவன் முகம் காத்திருந்தது. ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவன் புருவத்தில் தங்கியது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். சொன்னால் எழுந்துவிடுவான்.

"தடம் தெரியுது…" என்றாள். "ஓடைய தாண்டி, மேக்கால போகுது."

பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். காது இரண்டும் சுட்டன.

"அதெப்புடி?" கலையரசன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு மட்டும் ஒண்ணு. புதுசா வந்தவருக்கு காடே வழி உடுதா? அட்டைக்குப் பின்னால இன்னா நடக்குதுன்னு யாரு கண்டா!"

"டேய், யாரப் பாத்து சொல்ற?" என்றாள் சுவேதா. "பிராக்டிகல்ல டைட்ரேஷன் அளவு தப்பா வந்தப்ப நாம எல்லாம் மாத்தி எழுதனோம். இவ வந்தத வந்தபடியே எழுதி மார்க்க உட்டா. இவளா டைஸ மாத்தி சொல்லுவா?"

கோகுல்ராஜ் தேவயானியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வைத்தியர் கிடைத்தார். மழை மெலிந்தது. மரத்தை எடுத்துவிட்டதாகத் தெருவில் யாரோ கத்தினார்கள்.

கோகுல்ராஜ் எழுந்தான். எழுந்தவன் நின்றான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் ஆடுவீங்களா?"

"வாங்களேன்" என்றாள் சுவேதா.

அவன் கேட்டது சுவேதாவை அல்ல. "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான் தேவயானியிடம். "எனக்கும் ஒண்ணு விழுந்திருந்தா… என்னியும் எழுந்து போன்னு சொல்லியிருப்பீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். கண்கள் விளையாடவில்லை.

சுவேதா பார்த்துக்கொண்டிருந்தாள். கலையரசன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றாள் தேவயானி. "ரூல் அதுதானே."

"சரிதான்…" அவன் சிரித்தான். அரைச் சிரிப்பு. விளக்கை அணைத்து எடுத்துக்கொண்டான். "டைஸு இருன்னா இருக்கணும், போன்னா போவணும். அத நம்பி வாராவாரம் வந்து உக்கார எனக்கு ஒத்து வராதுங்க. வர்றேன்."

வருகிறேன் என்று சொன்னாலும் அவன் வரப்போவதில்லை. அது தேவயானிக்குத் தெரிந்தது.

அவள் உட்கார்ந்தே இருந்தாள். உண்மையைச் சொன்னால், இனி அட்டைக்குப் பின்னாலிருந்து அவள் சொல்லும் எந்த எண்ணையும் இவர்கள் நம்பப் போவதில்லை. அவளுடையது என்று இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். சொல்லாவிட்டால் வண்டி மலையை விட்டு இறங்கிவிடும். அவளுக்குத் தான் ஒரு நாற்காலியை நிரப்பிய ஆள் மட்டுமே என்று நினைத்துக்கொண்டே அவன் போய்விடுவான்…

வண்டி உறுமியது. பின்னால் நகர்ந்து தெருவுக்குத் திரும்பியது.

"ஏ, எங்க போற? தூறுதுடி!" என்றாள் சுவேதா.

தேவயானி வாசலைத் தாண்டிவிட்டாள். தூறல் கண்ணிமைமேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றாள்.

"இன்னாங்க? எதுனா உட்டுட்டு வந்துட்டனா?"

அவள் ஏதோ சொன்னாள். இஞ்சின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கேக்கலீங்க…" அவன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் நின்றது. தெருவே சட்டென்று அமைதியானது. வாசலில் சுவேதாவும் கலையரசனும் வந்து நின்றார்கள். எதிர் டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி மெதுவாகச் சொல்ல வழியில்லை. தேவயானி நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"ஓடைகிட்ட உங்களுக்கு விழுந்தது… ஒண்ணுதாங்க."