இருநூற்றைந்து

காலை 6.40. டீ கொண்டுபோன விஜயாதான் முதலில் பார்த்தாள். கிணற்றுக்குள் அவள் புருஷன் செல்லமுத்து கிடந்தார். கிணற்று வாயின் குறுக்கே போட முந்தின நாள் புதிதாக வந்த மரமும் பக்கத்தில் கிடந்தது. மோட்டார் பைப்பைத் தூக்க அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார், மரம் நழுவிவிட்டது.

ஊரே கூடி அழுதது. விஜயாவுக்கு அழுகை வரவில்லை. மேட்டில் அவர் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கவேண்டும் என்று தோன்றியது, ஆனால் கை போகவில்லை.

பகல் 11.15. எஸ்.ஐ. சங்கீதா டேப்பைச் சுருட்டினார்.

"கிணத்து வாய் இருநூறு சென்டிமீட்டர். மரம் இருநூத்தஞ்சு. பக்கத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர்தான் பிடிப்பு. அறுத்தது யாரு?"

தச்சர் சின்னுசாமி. வாய்க்கால் தண்ணீருக்காகப் போன மாதம் செல்லமுத்துவோடு மல்லுக்கு நின்றவர். "உன்னைப் பாத்துக்கறேன்" என்று கத்தியதற்கு ஊரெல்லாம் சாட்சி. ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு தச்சர் கிடையாது.

"அவங்க வீட்டுலருந்து வந்த அளவுச் சீட்டுல இருநூத்தஞ்சுன்னுதானுங்க இருந்துச்சு."

"சீட்டு எங்கே?"

"மரத்தூளோட அடுப்புல போயிருச்சுங்க."

வீட்டுக் காலண்டரில் செல்லமுத்துவின் கையெழுத்து இருந்தது: மரம் 2.5 மீ.

"சீட்டு எழுதுனது நீங்களா விஜயா?"

"ஆமாங்க மேடம். அவரு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிட்டாரு. காலண்டரப் பாத்துச் சென்டிமீட்டராக்கி எழுதிக் குடுத்தேன். சரியாத்தானுங்க எழுதுனேன்."

அங்கன்வாடி டீச்சரான அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்; எழுதிய எண் எது என்று யாரும் கேட்கவில்லை. சின்னுசாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் பெண்டாட்டி வண்டிக்குப் பின்னால் ஓடினாள். விஜயாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

மாலை 3.30. கையெழுத்து மாதிரிக்கு ஒரு நோட்டு வேண்டும் என்று சங்கீதா அவளை அங்கன்வாடிக்கு அழைத்துப் போனார். சுவரில் குழந்தைகளின் உயரம் சாக்பீஸில் எழுதியிருந்தது. ஒரு பெயருக்கு நேராக 1.5. நோட்டில் அதே பெயருக்கு 105.

"இதென்ன?"

"ஆயா பூங்குழலி அளந்து செவுத்துல போட்டு வெப்பாங்க. ஒரு மீட்டர் அஞ்சு சென்டிமீட்டர். நோட்டுல நூத்தஞ்சுன்னு நான் ஏத்துவேன். ஆறு வருசமா இப்படித்தானுங்க."

சங்கீதா சுவரை மறுபடி பார்த்தார். பிறகு ஒரு தாளில் '2.5 மீ' என்று எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

"சென்டிமீட்டராக்கி எழுதுங்க."

விஜயா யோசிக்கவே இல்லை. 205 என்று எழுதினாள்.

"புள்ளி அஞ்சுன்னா அரை மீட்டருங்க. அம்பது சென்டிமீட்டர். மொத்தம் இருநூத்தம்பது வரணும். பக்கத்துக்கு இருவத்தஞ்சு பிடிச்சிருந்தா மரம் நழுவியிருக்காது." சங்கீதாவின் குரல் தணிந்தது. "சின்னுசாமி சீட்டுல இருந்ததத்தான் அறுத்திருக்காரு. கொலை இல்லீங்க. ஆனா தப்பு உங்க கையிலதான் நடந்திருக்கு."

விஜயா தாளையே பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான்.

"தச்சர எங்க வெச்சிருக்கீங்க?"

"ஸ்டேசன்ல. அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்."

"வேண்டாங்க மேடம். தப்பு என்னுதுன்னு நான் எழுதித் தாரேன்."

நிதானமாக எழுதினாள். 250 என்ற எண்ணைத் தனி வரியில் போட்டுக் கீழே கையெழுத்திட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"அவரு செருப்பு இன்னும் கவுந்தே கெடக்குதுங்க," என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.