கெட்டி மேளத்துக்குக் கீழே

நீள மைக்கில் இல்லாத அழுகை காலர் மைக்கில் இருந்தது.

தர்மா ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். பிற்பகல் மூன்று மணி. மலேசியாவின் ஈப்போ நகரில் கடைக்கு மேலிருந்த அந்த அறையின் மூடிய சன்னலுக்கு வெளியே மழை கூடிக்கொண்டிருந்தது. கீழே காப்பிக்கொட்டை வறுக்கும் புகை மரத்தரையின் இடுக்குகள் வழியே ஏறி வந்து, கணினியின் சூட்டோடு கலந்து, கருகிய மயிரின் வாடை போல நின்றது.

அவன் எடுத்த கல்யாண வீடியோக்களில் எல்லாருக்கும் ஒரே குறைதான்: தாலி கட்டும் நேரத்தில் மேளத்தைத் தவிர எதுவும் கேட்பதில்லை. கேமராவின் தலையில் பொருத்தும் நீள மைக் எதிரில் உள்ள சத்தத்தையெல்லாம் வாரிக்கொள்ளும். தங்கை சாந்தினியின் கல்யாணம் அப்படி ஆகக் கூடாது. பெற்றோர் போன பிறகு அவனுக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். நான்கைந்து மைக்குகளைக் கொண்டுவந்து, ரேடியோவை அலறவிட்டு, அதன் முன் பேசிப் பேசிப் பதிவுசெய்து பார்த்து, கடைசியில் பொத்தான் அளவிலான ஒரு காலர் மைக்கைத் தேர்ந்தெடுத்தான். அருகில் உள்ளதை எடுக்கும். தூரத்து இரைச்சலை விட்டுவிடும்.

பத்து காஜா ஊருக்கு அருகில், ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தங்கையின் மாலைக்குள் அவன் மைக்கைச் செருகுவதைத் தவில்காரன் கோகிலன் பார்த்தான். பள்ளித் தோழன்.

“மச்சான், கெட்ட சத்தம் எதுவும் காதுல விழக் கூடாதுன்னுதான் நாங்க கை வீங்க அடிக்கிறோம். நீ அதைக் கேக்குறதுக்குன்னே மெஷின் வாங்கிட்டு வந்திருக்க லா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மாவும் சிரித்தான்.

ஐந்து நாள் கழித்து இப்போது கேட்கையில், அந்த மேளம் சுவருக்கு அப்பால் அடிப்பதுபோல் மங்கிக் கிடந்தது. அதன் கீழே சாந்தினியின் மூச்சு, வளையல் உரசல், பட்டுச் சேலையின் சரசரப்பு. அதற்கும் கீழே யாரோ அழுதார்கள். படத்தை நிறுத்தி நிறுத்தி முகம் முகமாகப் பார்த்தான். எல்லாரும் மஞ்சள் அரிசி தூவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை.

ஒலியைக் கூட்டினான்.

மழை. அன்று மழையே இல்லை. லோரியின் நீண்ட ஹாரன். காலடியில் நொறுங்கும் கண்ணாடி. பிறகு ஓர் ஆண்குரல்.

“சாந்தினி, கண்ணத் தொறம்மா. அண்ணன் வந்துட்டேன்.”

அவன் குரல்.

தாலி கட்டும்போது அவன் கேமராவுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றிருந்தான்.

சாந்தினியும் அவள் கணவன் தனேஷும் தேனிலவு முடிந்து கேமரன் மலையிலிருந்து இறங்கும் நாள் இது. கைப்பேசியில் அவளை அழைத்தான். மூன்றாவது முறை அழைத்தபோது எடுத்தாள்.

“தாப்பா டவுன் கிட்ட வந்துட்டோம் அண்ணே. மழை ஊத்துது லா, ஒண்ணுமே தெரியல. இவரு ஆமை மாதிரி ஓட்டுறாரு.”

“நிறுத்தச் சொல்லு. இப்பவே. ஓரமா நிறுத்து.”

ஏன் என்று கேட்டாள். நிறுத்து நிறுத்து என்று கத்தினான். தனேஷ் முணுமுணுப்பதும், இண்டிகேட்டர் டிக் டிக்கென்பதும், வண்டி அடங்கி நிற்பதும் கேட்டன.

“நிறுத்தியாச்சு அண்ணே. இப்ப சொல்லுங்க.”

ஹாரன்.

நீளமாக.

ஒரு மணி நேரம் கழித்து அவன் போய்ச் சேர்ந்தபோதும் தீயணைப்பு ஆட்கள் கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் கண்ணாடி நொறுங்கியது. அவள் முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

தொண்டைக்குள் அந்தச் சொற்கள் ஏறி வந்தன. சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் ஒருவேளை. இரு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டான்.

உடைந்த சன்னலுக்கு உள்ளே, அவளுக்கு வெகு அருகில், அவன் குரல் அழுதது.