கசடு தங்கும் பீப்பாய்

நான்காவது மீன் செவ்வாய்க்கிழமை காலையில் செத்து மிதந்தது.

நண்டுதான் முதலில் பார்த்தாள். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் குழந்தையாக இருந்தபோது பக்கவாட்டாகவே தவழ்ந்ததால் வீட்டில் எல்லாருக்கும் அவள் நண்டுதான்.

வலையால் மீனை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினாள். அப்பா எழுந்து வருவதற்குள் புதைத்துவிட வேண்டும் என்று மண்வெட்டியைத் தேடினாள். திரும்பிப் பார்த்தால், அப்பா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எது?" என்றார்.

"கறுப்புப் புள்ளி வச்சதுப்பா."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மூச்சில் அவரால் நாலைந்து வார்த்தைதான் பேச முடியும். அதற்கு மேல் போனால் இருமல் பிடித்துக்கொள்ளும்.

அப்பா பதினாறு வருடம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். கல் அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றவர். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்விட்டது. உள்ளே போனது போனதுதான், இனி வெளியே எடுக்க முடியாது என்று அம்மாவிடம் டாக்டர் மெதுவான குரலில் சொன்னார். நண்டுவின் காதுக்கு மெதுவான குரல்தான் நன்றாகக் கேட்கும்.

பின்னால் இருக்கும் குளம் அப்பா கட்டியது. தரையெல்லாம் பாறை, தோண்ட முடியவில்லை. அதனால் தரைக்கு மேலேயே, நண்டுவின் இடுப்பு உயரத்துக்குக் கல் சுவர் எழுப்பித் தண்ணீர் நிரப்பினார். குவாரி மேனேஜர் வீட்டைக் காலி செய்தபோது, கொண்டுபோகச் சிரமம் என்று கோய் என்ற ஒன்பது அலங்கார மீன்களை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளையும் சிவப்புமாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அப்பா கையை நீட்டினால் வந்து விரலைக் கவ்வும்.

அப்பாவால் குனிந்து குளத்தைத் தேய்க்க முடியாமல் போனதும் அடியில் அழுக்குச் சேர்ந்தது. தண்ணீர் நாறியது. இரண்டு மீன்கள் செத்தன. அப்போதுதான் சித்தப்பா வந்தார்.

சித்தப்பா குழாய் வேலை செய்பவர். அவர் தெருமுனையில் இருக்கும்போதே குரல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

"அண்ணே, கவலைய விடு. ஒரு கசடுத் தொட்டி வச்சுட்டா தீந்தது. போன மாசம் ஒரு பங்களாவுல பாத்தேன்."

"அப்படின்னா என்ன சித்தப்பா?" என்று நண்டு கேட்டாள்.

"குளத்துத் தண்ணிய ஒரு பீப்பாய்க்குள்ள விடணும். அங்க அது சும்மா நிக்கும். அழுக்கெல்லாம் கீழ தங்கிடும். மேல இருக்கற தெளிஞ்ச தண்ணி திரும்பக் குளத்துக்குப் போயிடும். அடியில ஒரு வால்வு. தினம் ஒரு தடவை திறந்தா அழுக்கு வெளிய வந்துரும். பங்களாக்காரன் வாங்கி வச்சிருக்கான், நாம செஞ்சே வச்சுருவோம்."

பேக்கரியில் சர்க்கரைப் பாகு வந்த நீலப் பீப்பாய் ஒன்று கிடைத்தது. அதை மூன்று தடவை கழுவினார்கள். அப்படியும் எறும்புகள் நம்பிக்கையை விடவில்லை. குளத்தின் அடியில் ஒரு பம்பை இறக்கி, அங்கிருந்து பீப்பாய்க்கு ஒரு குழாய், பீப்பாயின் மேல்பக்கத்திலிருந்து குளத்துக்கு இன்னொரு குழாய் என்று சித்தப்பா இரண்டு நாளில் வேலையை முடித்தார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சலசலவென்று ஓடியது. அப்பா அன்றைக்குச் சிரித்தார்.

மூன்றே நாளில் குளம் பால் விட்ட டீ போல ஆனது. ஒரு மீன் செத்தது. பம்பு போதவில்லை என்று சித்தப்பா கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து பெரிய பம்பாகக் கொண்டுவந்து மாட்டினார். தண்ணீர் இன்னும் கலங்கியது. அதற்குப் பிறகுதான் இந்த நான்காவது மீன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்ததே யாருக்கும் தெரியவில்லை. சத்தமில்லாமல் வந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து வால்வைத் திறந்தார். டீ நிறத் தண்ணீர் வந்தது. கசடு ஒரு துளிகூட வரவில்லை.

"அழுக்கு எங்க சித்தப்பா போச்சு?"

"தெரியலயே நண்டு."

அப்பா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். "மிச்சத்த குடுத்துடலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இங்க இருந்தா... எல்லாம் செத்துரும்."

அம்மா ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். அந்த ஓட்டல் முன்னால் ஒரு குளம் இருந்தது. அங்கே மீன் வேண்டுமா என்று அம்மா மறுநாள் காலை கேட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தோட்டக்காரர் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு அப்பா நாற்காலியைப் பின்வாசலில் போடவில்லை. கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நண்டுவுக்கு அதுதான் பயமாக இருந்தது. மீன் போய்விட்டால் அப்பா எதற்காக எழுந்து வருவார்?

வியாழக்கிழமை காலையில் அவள் இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்தாள். குளத்தின் மூலையில், பம்புக்கு எட்டாத இடத்தில் கையை விட்டு அடி அழுக்கோடு ஒரு பாட்டில் பிடித்தாள். பீப்பாய்க்குள் விழும் குழாய்த் தண்ணீரில் இன்னொரு பாட்டில். இரண்டையும் அறிவியல் டீச்சரிடம் காட்ட வேண்டும்.

"அத பையிலயா வைக்கப் போற?" என்றாள் அம்மா. "உன் புத்தகம் எல்லாம் குளிச்சுட்டு வந்து நிக்கும். வச்சுட்டுப் போ."

பாட்டில்கள் ஜன்னல் மேலேயே நின்றன.

நாலு மணிக்குத் திரும்பி வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் பிடித்த பாட்டிலில் அழுக்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. மேலே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்திருந்தது. குழாய்த் தண்ணீரோ காலையில் இருந்த மாதிரியே கலங்கலாக இருந்தது. அடியில் எதுவும் இல்லை.

நண்டு பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பை வெளியே இழுத்தாள். வாய்ப்பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே பார்த்தாள். உள்ளே இறக்கைகள் இருந்தன. மிக்ஸியில் இருப்பது போல.

குவாரியிலிருந்து வந்து முகம் கழுவும்போது அப்பா ஒருமுறை சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெரிய தூசி காலடியிலேயே விழுந்துடும், மெஷின் மாவா அரைக்குது பாரு, அது விழவே விழாது.

அவள் பம்பைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு பாட்டில்களை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள். சித்தப்பா வந்ததும் வழியை மறித்தாள்.

"உள்ள வேணாம் சித்தப்பா. இங்கயே ஒண்ணு காட்டணும்."

"மார்க் கார்டா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. போன தடவையே அண்ணி என்னைத் துவைச்சுக் காயப் போட்டுட்டாங்க."

"இது குளத்து மூலையில எடுத்தது. இது உங்க குழாய்ல எடுத்தது. ரெண்டையும் காலையில ஒண்ணாத்தான் வச்சேன்."

சித்தப்பா பார்த்தார். "குழாய் வேலை செய்யறது நீயா, நானா?"

"நீங்கதான்."

"அப்புறம்?"

நண்டு பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சித்தப்பா கலங்கலான பாட்டிலை வாங்கிக் குலுக்கினார். மறுபடி பார்த்தார். அப்படியே கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பம்பு அரைச்சுருது," என்றார். "அரைச்சா எப்படித் தங்கும்? பங்களாவுல பம்பு எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்லயே." பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான்தான் கொன்னேனா?" என்று கேட்டார்.

"மொத ரெண்டும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே செத்துருச்சு."

"அதுக்கப்புறம் ரெண்டு?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இன்னும் அஞ்சு இருக்கு சித்தப்பா," என்றாள்.

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பம்பு இல்லாம தண்ணி எப்படி பீப்பாய்க்கு வரும்?"

"குளத்தோட அடியில ஓட்டை போட்டு, பெரிய குழாயா வச்சு பீப்பாயோட சேத்துட்டா? குளமும் பீப்பாயும் ஒரே உயரம்தான. மேல தண்ணிய எடுக்க எடுக்க, கீழ குளத்துத் தண்ணி அதுவா மெதுவா வரும். பம்பை பீப்பாய்ல மேல வைங்க. தெளிஞ்ச தண்ணிய எவ்வளவு வேணா அரைக்கட்டும்."

சித்தப்பா அவளையே பார்த்தார். "எல்லாம் சரி. ஓட்டை போடணும்னா அண்ணன் கட்டின சுவத்துல போடணுமே. விரிசல் விட்டா மொத்தக் குளமும் போச்சு."

இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சித்தப்பாதான் பேசினார். பம்பை வைத்த தப்பு தன்னுடையது, கண்டுபிடித்தது நண்டு என்றார். அப்பா பாட்டில்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, குளத்துக்குப் போனார். விரல் முட்டியால் கல் கல்லாகத் தட்டினார். ஒரு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"இங்க," என்றார். "தண்ணி ஊத்தி ஊத்தி வெட்டு. தூசி... பறக்கவே கூடாது."

சனிக்கிழமை வேலை தொடங்கியது. அம்மா சலவைப் பிரிவிலிருந்து பெரிய தொட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். குளத்துத் தண்ணீரை அதில் நிரப்பி ஐந்து மீன்களையும் விட்டார்கள். மிச்சத் தண்ணீரை வீட்டில் இருந்த அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள். சித்தப்பா உளியை வைத்து அடித்தார். அம்மா உளி முனையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா மூக்கிலும் வாயிலும் ஈரத் துணி கட்டி, தள்ளி உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டார். சத்தம் மாறும்போதெல்லாம் கையைத் தூக்குவார். சித்தப்பா நிறுத்திவிட்டு உளியைக் கொஞ்சம் நகர்த்துவார்.

நண்டுவின் வேலை மீன்களுக்கு மூச்சு கொடுப்பது. தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு, உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். அப்படி விழும் தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துப் போகும். ஊற்றினாள். கை வலித்தது. கை மாற்றி ஊற்றினாள். குழாயை வைத்து சிமெண்ட் பூசி, அது இறுகும் வரை மூன்று மணி நேரம் ஊற்றினாள்.

இரண்டாவது மணி நேரத்தில் இருந்ததிலேயே சின்ன மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் ஒரு கையால் அதை நிமிர்த்திப் பிடித்தாள். மறு கையால் ஊற்றினாள். அது வாயைத் திறந்தது, மூடியது. அப்புறம் திறக்கவில்லை.

"அப்பா," என்றாள்.

அப்பா பார்த்தார். துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "நிறுத்தாத," என்றார். "நாலு இருக்கு."

அவள் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓட்டல் தோட்டக்காரர் மூடி போட்ட இரண்டு வாளிகளோடு வந்துவிட்டார். முந்தின இரவே தண்ணீரையும் நான்கு மீன்களையும் திரும்ப விட்டிருந்த குளம் இன்னும் தெளியவில்லை. பீப்பாயின் மேல்பக்கத்தில் பழைய சின்ன பம்பு மட்டும் முணுமுணுத்தது.

"மீன் எங்கங்க?" என்றார் தோட்டக்காரர்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று சித்தப்பா சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. "நண்டு, நீயே திற."

நண்டு ஒரு தட்டைப் பேசினை வால்வுக்குக் கீழே வைத்துத் திருகினாள். முதலில் கலங்கல் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். அடுத்த நொடி வால்வு இருமியது. குபுக்கென்று கறுப்பாக, கெட்டியாக, கூழ் போலக் கசடு வந்து விழுந்தது. பேசின் பாதி நிறைந்தது. நாற்றம் வாசல் வரை போயிருக்கும்.

"வந்துருச்சு அண்ணே," என்று சித்தப்பா சத்தம் போட்டார். தெருமுனை வரை கேட்கும் பழைய குரல்.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாக்கடையப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படற குடும்பம் இது ஒண்ணாத்தான் இருக்கும்."

தோட்டக்காரர் இரண்டடி பின்னால் போனார். "நான் மீனுக்குத்தாங்க வந்தேன்."

"மீன் குடுக்கல," என்றார் அப்பா. "வந்ததுக்கு... டீ குடிச்சுட்டுப் போங்க."

பிறகு நண்டுவைப் பார்த்துக் கையை அசைத்தார். அவள் பேசினைத் தூக்க முடியாமல் தூக்கி அவர் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். அப்பா குனிந்து பார்த்தார். ஒரு குச்சியை எடுத்து அந்தக் கறுப்புக் கூழைக் கிளறினார். உள்ளே கிடந்த இவ்வளவும் வெளியே வந்துவிட்டதா என்பது போல மறுபடி கிளறினார். நாற்றம் அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

"இன்னும் இருக்கும்," என்றார். "போய்த் திற."

நண்டு ஓடினாள்.