இரண்டாவது வரி

வேர்மானி என்ற இயந்திரம் முடிவைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பாறைவலசு மாவட்டத்துப் பெண்கள் முதல் வருடம் அப்படித்தான் செய்தார்கள். பரிசோதனை வண்டியில் ஏறி மாதிரி கொடுத்துவிட்டு, எதிரே வெண்ணிலாவின் கடையில் டீ குடித்து, திரும்பி வந்து சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சீட்டில் இரண்டே வரிகள். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ் உடம்பில் உண்டா, இல்லையா என்பது முதல் வரி. அது எந்த ஊர்ப் பக்கமிருந்து, ஏறக்குறைய எந்த வருடம் உடம்புக்குள் வந்தது என்பது இரண்டாவது வரி.

ஒருவர் வாயைத் திறந்ததுமே கோயம்புத்தூரா நாகர்கோவிலா என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, வைரஸுக்கும் அப்படி ஒரு வட்டார வழக்கு உண்டு. உடலுறவின் வழியே ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்போது அதன் மரபெழுத்தில் அங்கங்கே ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றங்களைப் படித்து ஊரையும் காலத்தையும் சொன்னது வேர்மானி. ஒரு மாவட்டத்தில் ஏன் இந்த நோய் அதிகம், பக்கத்து மாவட்டத்தில் ஏன் குறைவு என்று கண்டறிவதற்காகவே நோய்நில ஆணையம் அதை வாங்கியது. அதன் முடிவுகள் ஆணையத்தின் நிறப்பலகைக்குப் போகும். நோய் அதிகம் கண்டறியப்பட்ட மாவட்டம் பலகையில் கருஞ்சிவப்பாகவும், குறைவான மாவட்டம் வெளுத்தும் தெரியும்.

இரண்டாவது வரி ஆணையத்தின் கண்ணுக்கு மட்டும் என்றுதான் முதலில் இருந்தது. அதைப் பெண்களின் கையிலும் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் மாவட்டப் புற்றுநோய்த் தடுப்பு அலுவலர் டாக்டர் மிருதுளா. அதற்குக் காரணம் இருந்தது. தடுப்பூசி வருவதற்கு முன்பே பிறந்துவிட்ட தலைமுறைப் பெண்கள் அவளிடம் வந்துகொண்டிருந்தார்கள். நோயை விட, "இவ நடத்தை சரியில்ல, அதான் வந்துருக்கு" என்ற பேச்சு அவர்களை அதிகமாக அரித்தது. பாறைவலசு போர்வெல் ஊர். ஆண்கள் கிணற்றுத் துளை போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார்கள். கொண்டுவந்தவன் யார் என்று ஒரு இயந்திரமே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று மிருதுளா நம்பினாள்.

அடங்கவும் செய்தது. சீட்டுக்குச் சீட்டு ‘நர்மதைக் கரை’ என்று வந்தது. ஒரு பெண் அதை மாமியாரின் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டு, "உங்க மகன் அனுப்புன பார்சலுங்க அத்தை" என்றாளாம். அதைக் கேட்டு மிருதுளா வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த வருடம் வண்டியின் முன்னால் கூட்டம் குறைந்தது. அதற்கடுத்த வருடம் ஓட்டுநர் பாட்டுக் கேட்டபடி படுத்திருந்தார். நிறப்பலகையில் பாறைவலசு கருஞ்சிவப்பிலிருந்து ரோஜா நிறமாகி, பிறகு கிட்டத்தட்ட வெள்ளையானது. ஆணையத்தின் இணை இயக்குநர் அருள்நம்பி மேடையில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார். "நோயைத் துரத்திய மாவட்டம்" என்றார். ஆண்கள் பயந்து திருந்தியிருப்பார்கள் என்று மிருதுளாவும் கணக்குப் போட்டுக்கொண்டாள். நம்புவதற்குச் சுகமான கணக்கு அது.

ஒரு நாள் காலையில் கிராம நர்ஸ் எஸ்தர் போன் செய்தாள். "டாக்டரம்மா, நம்ம டீக்கடை வெண்ணிலாவைப் பெரியாஸ்பத்திரில சேர்த்திருக்குதுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

வார்டில் மிருதுளா கண்ட வெண்ணிலா பாதி உடம்பாகியிருந்தாள். நோய் கருப்பைவாயைத் தாண்டிச் சிறுநீரகக் குழாய் வரை போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கான காலம் எப்போதோ கடந்திருந்தது. அதே வார்டில் அதே நோயோடு இன்னும் ஆறேழு பெண்கள் படுத்திருந்தார்கள். எல்லோருமே கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள். வெள்ளை மாவட்டத்தில் இத்தனை பேரா என்று மிருதுளா கட்டில்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

"வண்டி உங்க கடைக்கு எதிர்லயே தானே நின்னுச்சு, வெண்ணிலா. அத்தனை பேருக்கு டீ போட்டுக் குடுத்தீங்க. நீங்க ஏன் ஏறல?"

வெண்ணிலா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலருந்தே நர்மதைப் பக்கந்தானுங்க போறாரு. எனக்கு வர்ற சீட்டுல நர்மதைன்னு போட்டிருக்காதுங்க, டாக்டரம்மா."

மிருதுளா ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரு, எப்பன்னு கேக்காதீங்க. அந்த மனுசனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வந்து பக்கத்துல உக்காந்து அழுகுறாரு. அதையும் சீட்டைக் குடுத்துக் கெடுத்துக்கணுமா?"

"சரி, மத்தவங்க? அவங்க ஏன் வரல?"

"பாதிப் பேருக்கு வீட்டுக்காரன் போன ஊரு பேரு வந்துருமோன்னு பயமுங்க. அவனோடதான பொழைக்கோணும். மீதிப் பேருக்கு அது வராமப் போயிருமோன்னு பயம்." வெண்ணிலா மூச்சு வாங்கினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "நீங்க ஏறிப் பாத்துக்கிட்டீங்களா?"

மிருதுளா ஏறியதில்லை. வேலை, நேரமில்லை, அடுத்த மாதம் என்று ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் அவளிடம் இருந்தது. அவள் கணவன் ஆதவன் திருமணத்துக்கு முன்பு பல வருடம் வெளியூரில் இருந்தவன். அவளுக்கும் மருத்துவக் கல்லூரியில் யாரிடமும் சொல்லாத ஒரு வருடம் இருந்தது, அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. வெண்ணிலாவின் கேள்விக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

மறுநாளே அவள் ஆணையத்துக்கு எழுதி, இரண்டாவது வரியைச் சீட்டிலிருந்து எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். ஒரு வரியோடு வண்டி ஊர் ஊராகப் போனது. யாரும் ஏறவில்லை.

"அச்சடிக்கலைன்னா என்னங்க," என்றாள் எஸ்தர். "அந்த மெசினுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சது என்னைக்காவது வெளிய வருமில்லன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

மிருதுளா யோசித்துப் பார்த்தாள். தனக்கே அந்தப் பயம் இருக்கும்போது யாரைப் போய்ச் சமாதானப்படுத்துவது? எதுவும் தெரிந்துகொள்ள முடியாத ஒரு கருவிதான் இனி வேலைக்காகும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி ஒன்று பழைய பாடப் புத்தகத்தில் இருந்தது. கருப்பைவாயில் வினிகரைத் தடவினால், புற்றாக மாறக்கூடிய இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். டார்ச் வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். அந்தத் திட்டை அங்கேயே சூட்டுக்கோலால் பொசுக்கிவிடலாம். வினிகருக்கு ஊரும் தெரியாது, வருடமும் தெரியாது. சில சமயம் தவறாகவும் காட்டும். வேர்மானியோடு ஒப்பிட்டால் மட்டமான சோதனைதான்.

முதல் ஆளாக மிருதுளாவே படுத்தாள். எஸ்தர் டார்ச்சைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்ன எஸ்தர்?"

"திட்டு இருக்குதுங்க. சின்னதுதான். பொசுக்கிரலாமுங்க."

பொசுக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் ஆதவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பதறிப்போய், "சரியாயிடும்ல?" என்று மட்டும் கேட்டான். எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இந்த மௌனத்தை உடைக்கத்தானே இத்தனை வருடம் போராடினோம் என்று நினைத்தபடியே அவள் கஞ்சியை வடித்தாள்.

டாக்டரம்மாவுக்கே திட்டு இருந்தது, அங்கேயே சுட்டுவிட்டார்கள், சீட்டெல்லாம் ஒன்றும் கிடையாது என்ற செய்தியை எஸ்தர் அவள் அனுமதியோடு ஊரெல்லாம் சொன்னாள். கல்யாண மண்டபத்து மணமகள் அறையில் சோதனை தொடங்கியது. முதலில் வெண்ணிலாவின் தங்கை வந்தாள். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "இது எதையும் சொல்லாதுங்களே?" சொல்லாது என்றதும் புடவையைத் தளர்த்திக்கொண்டு படுத்தார்கள். திட்டு உள்ளவர்களுக்கு உடனே சூடு வைத்து அனுப்பினார்கள். முற்றிய கட்டி உள்ளவர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தார்கள். வெண்ணிலா பிழைக்கவில்லை. அவள் கணவர் கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக எஸ்தர் சொன்னாள்.

கண்டறிந்த எல்லாவற்றையும் மிருதுளா ஒழுங்காகப் பதிவு செய்தாள். நிறப்பலகை திட்டையும் நோயாகவே எண்ணியது. வெளுத்திருந்த பாறைவலசு ஒரே வருடத்தில் மாநிலத்திலேயே கறுத்த மாவட்டம் ஆனது. பெண் கேட்டு வந்தவர்கள் ஊர் எல்லையிலேயே வண்டியைத் திருப்புவதாகப் பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ‘பாறைவலசில் என்ன நடக்கிறது?’ என்று விவாதம் வைத்தார்கள். வார்டில் கடைசிக் கட்டத்தில் வந்து படுப்பவர்கள் குறைந்துகொண்டே வந்ததைப் பற்றி அதில் யாரும் பேசவில்லை.

அருள்நம்பி நேரில் வந்தார். பின்னாலேயே புத்தம்புது வேர்மானி வண்டிகள் வரிசையாக வந்து மண்டபத்து வாசலில் நின்றன.

"இவ்வளவு பெரிய பரவல், டாக்டர். எங்கிருந்து கிளம்புதுன்னு உடனே கண்டுபிடிச்சாகணும். மாதிரி எல்லாம் எங்க?"

"இல்ல சார்."

"இல்லன்னா?"

"திட்டைச் சுட்டா மாதிரி மிஞ்சாது. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க வேர் பாக்கச் சம்மதிக்கல."

"நீங்க விஞ்ஞானியா, வைத்தியச்சியா? வேர் தெரியாம நோயை எப்படி ஒழிப்பீங்க?"

அதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்கள் வைரஸோடு இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வடக்கே எந்தெந்தப் பெண்கள் மாட்டியிருக்கிறார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மிருதுளாவுக்கு அது தெரியாமல் இல்லை. "முதல்ல சாகாம இருக்கட்டும் சார்," என்றாள்.

ஒரு வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. அருள்நம்பியே போனில் கூப்பிட்டு, தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவர் குரலில் உண்மையாகவே அக்கறை தெரிந்தது.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. அதான் நல்ல மாவட்டமாப் பாத்துப் போட்டிருக்கேன். மூணு வருசமாப் பலகைல பால் மாதிரி வெள்ளை. ஒருத்தருக்குக்கூட நோய் கிடையாது. போய்க் கொஞ்சம் ஓய்வெடுங்க."

"சார், அந்த மாவட்டத்துல போன வருசம் இந்த நோயில எத்தனை பேர் இறந்தாங்க?"

மறுமுனையில் அவர் யாரிடமோ விசாரிப்பது கேட்டது. பிறகு வந்து, "இறப்பு நம்ம பலகைல வராதே, டாக்டர்," என்றார். "அது வேற ஆணையம்."