அவன் பெயர் எனெபிஷ்

பொழுது சாயும் முன்பே உலான்பாட்டர் நகர் முழுக்கக் கரிப்புகை கவிந்து சன்னலை அடைத்துவிட்டது. குடுவையில் உப்புப் போட்ட பால் டீயுடன் உயங்கா குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மகன், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். விரியவேண்டிய நுரையீரல் நனைந்த பாலிதீன் பைபோல ஒட்டிக்கொள்கிறது. குழாய்வழி மருந்து விட்டும், அவ்வப்போது மூச்சுவிடவே மறந்துபோகிறான்.

"நின்னுச்சுன்னா பதறாத. உள்ளங்கால்ல சுண்டு, ஞாபகம் வந்துடும்," என்றாள் நர்ஸ் துல்மா. "பேரு வெச்சாச்சா?"

"எனெபிஷ், அக்கா."

'இது இல்லை' என்று அர்த்தம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர். தேடி வருவது எதுவானாலும் ஏமாந்து திரும்பட்டும் என்றுதான். முந்தின குளிர்காலம் இதே வார்டில் உயங்காவின் மகள், பெயர்கூட வைக்கும் முன்பே, மூச்சடங்கிப் போயிருந்தாள்.

"நல்லதுதான். என் வீட்டுக்காரனுக்கு 'மனுசனே இல்ல'ன்னு வெச்சாங்க. பேருக்கேத்த மாதிரியே இருக்கான்." துல்மா சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள்.

இயந்திரத்தின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது. எங்கிருந்தோ புளித்த தாய்ப்பால் வாடை வந்தது.

"இது யாரு?"

திரும்பினாள். யாருமில்லை.

"எனெபிஷ்," என்றாள்.

"இது இல்லையா?"

"இல்ல. போயிடு."



"அப்ப நான்தானேம்மா?"

முந்தின குளிர்காலம் போன மகள்தான் இது என்று உயங்காவுக்குப் புரிந்தது. அந்நியரை ஏமாற்ற வைத்த பெயரைக் கூடப்பிறந்தவள் அப்படியே நம்பிவிட்டாள். இவன் இல்லையென்றால் இடம் காலி என்றல்லவா அர்த்தம்?

பையனின் நெஞ்சு அசையவில்லை.

சுண்டினாள். மறுபடி சுண்டினாள். உதடு நீலம் பாரித்தது. இயந்திரம் கத்த, துல்மா ஓடிவந்து முகமூடியைப் பொருத்திக் காற்றை அழுத்தினாள்.

"இவன்தான் என் பிள்ளை! இவனேதான்!" உயங்கா கதறினாள். "தம்பிய விட்டுடும்மா, அம்மா கெஞ்சிக் கேக்கறேன்!"

"அப்ப நான் இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்கு வாய் வரவில்லை.

"நீயும்தான்டி," என்று அழுதாள்.

சட்டென்று நெஞ்சு ஏறி இறங்கியது.

"வந்துட்டான்!" துல்மா நெற்றியைத் துடைத்தாள். பிறகு திரையைத் தட்டிப் பார்த்தாள். "இதென்னடி கூத்து? நெஞ்சு ஒரு தடவ ஏறினா, மிஷின் ரெண்டு மூச்சுன்னு காட்டுது."

உயங்கா பெட்டியில் காதை ஒட்டினாள்.

ஒரு மூச்சு. அது முடியும் முன்பே, அதைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்று.

அந்த நுரையீரல் ஒருவனுக்கே பற்றாதது.