மூத்த மாப்பிள்ளையின் இருக்கை

இருக்கையைத் தன் அளவுக்கு முன்னால் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் இளைய மாப்பிள்ளை தேநீர் குடிக்க இறங்கினான். திரும்பி ஏறி உட்கார்ந்தபோது கிளட்ச் காலுக்கு எட்டவில்லை. இருக்கை பின்னால் போயிருந்தது. பக்கக் கண்ணாடியில் சாலைக்குப் பதிலாக வானம் தெரிந்தது. அவனைவிட ஒரு சாண் உயரமான ஆள் உட்கார்ந்து பார்த்தால் அதே கண்ணாடியில் சாலை தெரியும். அந்த உயரத்தில் அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான். இந்த டேங்கர் லாரியை இதற்கு முன் ஓட்டியவன். அவனுடைய சகலை, மாமனார் வீட்டின் மூத்த மாப்பிள்ளை. அவன் காணாமல் போய் ஒரு மாதமாகிறது.

பூட்டு தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் இருக்கையை முன்னால் இழுத்தான். ஆளே போன பிறகும் இடத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை பார், என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு வயது அதிகம். இருவரும் கனரக வாகனப் பயிற்சிக்குச் சேர்ந்தது ஒரே நாளில், ஒரே மைதானத்தில், ஒரே ஓட்டை லாரியில். மூத்தவன் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே கறுப்புக் கண்ணாடியும் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் வாங்கி, லாரிமேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். ரிவர்ஸ் எடுக்கையில் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாகச் சாய்த்தவன் அவன்தான். இளையவன் ஒன்றையும் உரசியதில்லை. ஆனால் கூம்பைச் சாய்த்துவிட்டு மூத்தவன் நிதானமாக இறங்குவான், இடுப்பில் கை வைத்துத் தூரத்தைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான். தப்பு கூம்பின் மேல்தான் என்று பயிற்சியாளருக்கே தோன்றிவிடும். எண்ணெய் வயலிலிருந்து ஆளெடுக்க வந்த அதிகாரி ஒரு இடம்தான் இருக்கிறது என்றார். இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பூட்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் விருந்து என்றாலே இளையவனுக்கு நெஞ்சைக் கரித்தது. எண்ணெயைத் தானே விதைத்துத் தண்ணீர் பாய்ச்சி அறுவடை செய்கிறவனைப் போல மூத்தவன் பேசுவான். மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். அக்கா வீட்டுப் புது ஃபிரிட்ஜைத் தடவிப் பார்த்துவிட்டு வரும் மனைவி, வழியெல்லாம் ஒன்றும் பேசமாட்டாள். பேசினால்கூடத் தேவலை. கடைசியில் மூத்தவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தபோது வீடே அழுதது. இளையவனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முகத்தை நம்ப முடியாததால்தான் துண்டு.

அப்படித்தான் இந்த இடம் காலியானது. சூப்பர்வைசர் காலையில் சாவியைக் கொடுக்கும்போது நேரடியாகவே சொல்லிவிட்டார்.

"இந்த வண்டிக்கு ஆளே தங்கறதில்லப்பா. உன் சகலைக்கு முந்தி இருந்தவனும் இதே கதைதான். இன்னிக்கி ஒரு லோடு ஒழுங்கா ஏத்திட்டு வா. சீட்டு உன்னுது."

எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் பாதை, பாதை என்று மரியாதைக்குச் சொல்வது. சரளைக்கல் சக்கரத்துக்கடியில் நொறுங்கியபடி இருந்தது. சாயங்கால வெயிலில் புழுதி செம்மண் பாலாடை மாதிரி கண்ணாடியில் படிந்தது. தொலைவில் குழாய்களின் உச்சியில் எரிந்த வாயுத் தீ காற்றுக்கு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் மூக்கில் ஏறி நாக்கில் இறங்கி எச்சிலோடு கலந்தது. காலி டேங்கர் ஓடும்போது உறுமும், தகடு சூட்டுக்கு விரிந்து நெட்டி முறிக்கும், அதையெல்லாம் மிரண்டு போய்க் கேட்டுக்கொண்டிருக்காதே என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் முதுகுக்குப் பின்னால் டொக் டொக்கென்று கேட்டதை அவன் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தகடு நெட்டி முறித்தால் கண்ட இடத்தில் முறிக்கும். இது ஒரே இடத்திலிருந்து வந்தது. கேபினை ஒட்டிய தொட்டிச் சுவரில், அவன் பின்மண்டைக்கு நேராக. தட்டிவிட்டு நின்றது. கதவு திறக்கிறார்களா என்று பார்க்கும் விருந்தாளியைப் போலக் காத்திருந்தது. பிறகு மறுபடியும் தட்டியது.

வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான். உறுமல் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

"சகலை."

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல அந்தக் குரல் வந்தது.

"நீங்கதானே? பிரேக் போட்டதுலயே கண்டுபிடிச்சுட்டேன். இன்னும் எறும்புக்கு நோகாம மிதிக்கிற மாதிரியே மிதிக்கிறீங்க."

அதே குரல். அதே எகத்தாளம். இந்தத் தொட்டி போன மாதம் முழுவதும் சும்மா நின்றதில்லை. மாற்று ஓட்டுநர்கள் தினமும் நிரப்பிக் காலி செய்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு மாதம் உயிரோடு கிடந்து பேசுகிற மனிதன் எங்கேயும் இல்லை. அது இளையவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. இவன் வெளியே வந்தால் சீட்டு போய்விடும்.

"மூடியைத் திறங்க சகலை. வெக்கை தாங்கல."

எஞ்சினைப் போட்டான். கியரை மாற்றினான். குரல் கேட்காத அளவுக்கு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கிணற்றடியில் பம்ப்காரர் ஒருவர்தான் இருந்தார். முகமூடிக்குள்ளிருந்து அவர் பேசியது பாதிதான் புரிந்தது, ஆனால் வேலை புரிந்தது. நிரப்புவதற்கு முன் ஓட்டுநர் தொட்டிமேல் ஏற வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், டார்ச் அடித்து உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினால்தான் பம்ப்காரர் வால்வைத் திறப்பார். திறந்து பார்க்காமல் கையைத் தூக்காதே என்பது பயிற்சியில் தினமும் காதில் விழுந்த பாட்டு. ஒழுங்காகக் கேட்டவன் இவன்தான்; மூத்தவன் அந்த நேரத்தில் தலை வாரிக்கொண்டிருப்பான்.

ஏணியில் ஏறினான். இரும்பு இன்னும் சுட்டது. மூடியின் பக்கத்தில் மண்டியிட்டான். காலுக்கடியில், தகட்டுக்கு அந்தப் பக்கத்தில், மெதுவாக, நகத்தால் சுரண்டுவது கேட்டது.

தாழ்ப்பாளில் கை வைத்தான். காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டது நினைவுக்கு வந்தது. காலரை இரண்டு தரம் தேய்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியது இன்றுதான். இந்த மூடியைத் திறந்தால் அவளுடைய அத்தான் வந்துவிடுவார். அத்தான் எண்ணெய்க்குள் மூச்சடக்கி இருந்த கதையை மாமனார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டே கேட்பார்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். எழுந்து நின்றான்.

கையைத் தூக்கினான்.

குழாய் ஒருமுறை உதறியது. அடியிலிருந்து எண்ணெய் உள்ளே ஏறத் தொடங்கியது. தொட்டியின் அடியில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு தட்டல். அது இப்போது காத்திருக்கவில்லை. பக்கச் சுவரில் தட்டியது. எண்ணெய் ஏற ஏற அதுவும் ஏறியது. இடுப்புயரம். தோளுயரம். பிறகு நேராக அவன் கால்களுக்குக் கீழே. இரண்டு கையாலும். முழங்கையாலும். நெற்றியாலும் இருக்கலாம்.

"சகலை."

எகத்தாளம் போய்விட்டிருந்தது. அந்தக் குரலில் அவன் இதுவரை கேட்டிராத ஒரு கெஞ்சல் இருந்தது. கேட்க நன்றாகவே இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நானும் இப்படித்தான் கையைத் தூக்கினேன் சகலை."

கொப்புளித்தது. நின்றது.

அமைதி. காற்று. தொலைவில் தீ.

இனி என்ன வந்தாலும் சீட்டு அவனுடையது. அப்படி நினைத்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து, சிரிப்புகூட வந்தது. பம்ப்காரர் வால்வை மூடிவிட்டு, அளவு பாருங்க என்று கீழேயிருந்து சைகை காட்டினார். அதற்கு மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தான்.

எண்ணெய். கழுத்து வரைக்கும் எண்ணெய். கறுத்து, தடித்து, மேலே ஒரு சுருக்கம்கூட இல்லாமல். முகம் இல்லை, மயிர் இல்லை, ஒன்றும் இல்லை. டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்து வழுக்கிப் போனது. பார்த்தாயா, வாயு மூளைக்கு ஏறியிருக்கிறது, வேறென்ன. அளவுக் கோலை எடுத்து நேராக உள்ளே இறக்கினான். வழவழவென்று இறங்கியது.

பாதியில் நின்றது.

அழுத்தினான். இறங்கவில்லை. இழுத்தான். வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தால் ஆடாமல் நிற்கும். இது ஆடியது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கொஞ்சம் இழுத்தது. எடை பார்ப்பது போல.

விரல்களைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. அவன் விரல்கள்தான். சொன்னதைக் கேட்கவில்லை.

கத்த வாயைத் திறந்தால் நாற்றம்தான் உள்ளே போனது. சத்தம் வரவில்லை. மற்றொரு கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். பம்ப்காரர் நிமிர்ந்து பார்த்தார். தூக்கிய கையைப் பார்த்துத் தலையசைத்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கிணற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

எண்ணெயின் மேல்தோல் ஓரிடத்தில் புடைத்தது. விரிந்தது. ஒரு கை கோலைப் பிடித்தபடி வெளியே வந்தது. நீளமான கை. அதன் சுண்டுவிரலுக்குக் கீழே இன்னொரு கை. அதற்கும் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே. ஒன்றை ஒன்று முந்தாமல், இடிக்காமல், வேலைக்கு வரிசையில் நிற்பவர்களின் பொறுமையோடு, பிடி மேல் பிடியாக, கறுப்பு சொட்டச் சொட்ட, அவன் கையை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தன.