பாய்மேல் வந்த ஆர்மோனியம்

பேசாலைக் கரையில் இரண்டு பெரியவர்கள் ஒரு பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதை வள்ளத்தின் பாய்மரத்தில் கட்ட இருவருக்குமே விருப்பமில்லை. இருவருமே அதைச் சொல்லவில்லை.

ஒருவர் டினோஜாவின் அப்பா றெனால்ட். மற்றவர் ஜமால்தீன் மாமா; அப்பாவுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு விடத்தல்தீவுக்குத் திரும்பியவர். வந்ததும், தன் பெரிய வெள்ளைப் பாயை அப்பாவிடம் கொடுத்தார்.

"என்னட்டப் பாய் இருக்கு, வள்ளம் இல்லை. உங்களிட்ட வள்ளம் இருக்கு, நல்ல பாய் இல்லை. பிறகென்ன தம்பி?"

அந்த வள்ளத்துக்கு இஞ்சினும் வரும் என்று கந்தோர் அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். இஞ்சின் வரவில்லை. சொன்னவர் மட்டும் அடிக்கடி வந்துபோனார்.

நாளைக்கு விடத்தல்தீவு வேதக் கோயிலில் திருநாள். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு வரும் முதல் திருநாள். கோயிலில் கூரை பாதி இருந்தது. பாடுகிறவர்கள் நிறைய இருந்தார்கள். ஆர்மோனியம்தான் இல்லை. பேசாலைக்காரர் தங்களுடையதை இரவல் தந்தார்கள். "நனையாமல் கொண்டுபோங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். அதை நாலு தரம் சொன்னார்கள்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசியது. விடத்தல்தீவுக்குப் போகும் வழி முழுக்கக் காற்று முதுகுப் பக்கம்தான்.

அப்போது ஒரு வள்ளம் பெரிய பாயை முழுசாக விரித்துக்கொண்டு கரையிலிருந்து பாய்ந்து போனது. கொஞ்சத் தூரத்தில் அதன் மூக்குத் தண்ணீருக்குள் குத்தியது. பின்பக்கம் சுழன்று திரும்பியது. வள்ளம் குறுக்கே நின்று ஒரு அலையை அப்படியே குடித்தது. உள்ளே இருந்தவர்கள் பாயை இறக்கிவிட்டு, வாளியால் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள்.

"உங்கட பாய் வடிவான பாய், நானா," என்றார் அப்பா.

"ஓம், வடிவுதான்," என்றார் ஜமால்தீன் மாமா.

டினோஜா அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எங்கட சின்னப் பாயைக் கட்டுவம்."

சின்னப் பாய் என்பது முகாமில் அவர்களுக்குக் கூரையாக இருந்த தறப்பாள். அம்மா அதை வெட்டித் தைத்திருந்தா. நடுவில் 'விற்பனைக்கல்ல' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை வாங்க யாரும் வரவுமில்லை.

"நானா ஆசையாத் தந்தவர், பிள்ளை. அவர் பாத்துக்கொண்டு நிக்க, தறப்பாளைக் கட்டுறதோ? மரியாதையில்லை."

"மரியாதைக்காக நனையிறதோ?"

"உஷ்!"

டினோஜா மற்றப் பக்கம் போனாள். "மாமா, உங்கட பாயைக் கட்டினா எங்கட வள்ளமும் மூக்குக் குத்தாதோ?"

"குத்தும் மகள்," என்றார் அவர் மெதுவாக. "ஆனா, குடுத்த வாயாலயே கட்டாதைங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? குடுக்க மனமில்லை எண்டெல்லோ உங்கட அப்பா நினைப்பார்."

டினோஜா இருவரையும் பார்த்தாள். இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு ஆர்மோனியத்தைக் கடலில் தாழ்க்கப் போகிறார்கள்.

முகாமில் காற்றடித்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அம்மா தறப்பாளைப் பாதியாக மடித்து, தாழ்வாகக் கட்டுவா. அகலமாகக் கட்டினவர்கள் தங்கள் வீட்டைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

"எனக்குப் பெரிய பாய் வேணும்!" என்று அவள் சத்தமாகச் சொன்னாள்.

பெரியவர்கள் இருவரின் முகமும் ஒன்றாகத் தொங்கியது.

"கட்டுறதுக்கில்லை. விரிக்கிறதுக்கு! பாய் எண்டா விரிக்கிறதுதானே? அதைப் பின்பக்கத்தில மடிச்சு விரிப்பம். ஆர்மோனியத்தை அதில வைச்சுச் சுத்துவம். மாமா அதைப் பிடிச்சுக்கொண்டு பாயில இருக்கட்டும். பின்பக்கம் பாரமா இருந்தா மூக்கும் குத்தாது. முன்னுக்குச் சின்னப் பாய் இழுக்கட்டும்."

"நான் அவ்வளவு பாரமோ?" என்றார் மாமா.

"இண்டைக்கு அது நல்லது மாமா."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். தனியாகச் சோளகம் ஒன்று வீசியதுபோல இருந்தது.

தறப்பாள் புடைத்தது. வள்ளம் நேராக ஓடியது. அலைகள் பின்னாலிருந்து தூக்கி, பத்திரமாக இறக்கிவிட்டன. பெரிய அலை வரும்போதெல்லாம் மாமா ஆர்மோனியத்தை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அது "ங்ஙீ" என்றது.

"அது நானில்லை," என்றார் மாமா, ஒவ்வொரு தரமும்.

விடத்தல்தீவுக் கரையில் அம்மா அன்ரோனெற் காத்துநின்றா. முதலில் சுற்றியிருந்ததை அவிழ்த்து ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்த்தா. காய்ந்திருந்தது. பிறகு தறப்பாளின் ஈர விளிம்பைத் தடவினா.

"முகாமிலயும் எங்களை நனைய விடேல்லை. இண்டைக்கும் விடேல்லை," என்றா. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு திரும்பி, "நானா, பெரிய உதவி. நீங்கள் தந்த பெரிய பாய் எப்பிடி, உதவிச்சுதோ?" என்று கேட்டா.

அப்பா கடலைப் பார்த்தார். டினோஜா வானத்தைப் பார்த்தாள்.

"அருமையான பாய் தங்கச்சி," என்றார் ஜமால்தீன் மாமா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி. "வழி முழுக்க நான் அதிலதானே வந்தனான்!"